பொருளகராதியும் உழவு மழையும்

ஆங்கிலப் புலமை வரவேண்டுமென்று, ஒரு சொல்லுக்கு ஈடாகப் பத்துச் சொற்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி நெட்டுருப் போடாத கல்லூரி மாணவன் உண்டா? நானும் போட்டவன்தான். 'பிகின்' ஏழைச் சொல், 'கமென்ஸ்' ஜரிகை வைத்த சொல் என்று நம்பி, மழை தொடங்கியதற்குக்கூட 'கமென்ஸ்' எழுதிச் சிவப்பு மைக் கோடு வாங்கியிருக்கிறேன்.

இந்த நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் பாட்டனார், ரோஜெட் என்ற வைத்தியர் லண்டனில் 1852-ல் வெளியிட்ட 'தெஸாரஸ்' என்பார்கள். இருக்கட்டும். அதற்கு 120 ஆண்டுகள் முன்பே தமிழில் அப்படியொரு காரியத்தைச் செய்தவர், நம் கோவில்பட்டிக் கரிசல் புழுதியில் நடந்தவர்.

இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார், அதாவது வீரமாமுனிவர், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஊழியம் செய்த ஊர்களில் ஒன்று காமநாயக்கன்பட்டி. அங்கே அவர் காதில் முதலில் விழுந்தது ஏட்டுத் தமிழாக இராது, பருத்திக்காட்டுத் தமிழாகவே இருக்கும் என்பது என் ஊகம். கதை எழுதுகிறவனுக்கு இவ்வளவு சலுகை கூடாதா?

அவருக்கு முன்னே நிகண்டுகள் இருந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சூடாமணி நிகண்டைப் பாட்டாக ஒப்பித்தார்கள். பாட்டு மனத்தில் இல்லாதவனுக்குச் சொல் அகப்படாது. 1594-லேயே ரேவணசித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி ஒரு வழி காட்டினார். முனிவர் 1732-ல் இயற்றிய சதுரகராதி அந்த வழியைச் செம்மையாக்கியது. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. ஒரு பொருளுக்குரிய பல சொற்களைச் சேர்த்துத் தருவது பொருளகராதி. நூல் முழுதும் அச்சேறியது 1824-ல்தான்.

ஆனால் எந்தச் சொல்லை எங்கே சொல்வது? அதைப் பட்டியல் சொல்லாது. எங்கள் பக்கத்துச் சம்சாரியிடம் கேளுங்கள். தூறல் வேறு, உழவு மழை வேறு. ஏர் இறங்குமளவு மண் நனைந்தால்தான் உழவு மழை. ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத மானாவாரிக் காட்டில், இரண்டும் மழைதானே என்று விதையைப் போட்டவனுக்கு விதைக் கடன்தான் மிச்சம்.

இந்த வழக்குச் சொற்களுக்கு வித்துவான்களின் அகராதியில் நெடுநாள் திண்ணைதான் கிடைத்தது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் அவற்றைத் திரட்டி, 1982-ல் கரிசல் வட்டார வழக்குக்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காத அந்தச் சம்சாரியைப் பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது.