அட்லாண்டிஸ் இருந்த இடம்

கடல் கொண்ட நாடு என்றவுடன் தமிழர்க்குப் பஃறுளியாறும் குமரிக்கோடும் நினைவுக்கு வரும். மேனாட்டாருக்கோ அட்லாண்டிஸ் என்னும் பெயரே முதலில் தோன்றும். அந்நாடு அசோர்ஸ் தீவுகளை அடுத்து இருந்தது என்பார் ஒருவர். ஸ்பெயின் நாட்டில் இருந்தது என்பார் மற்றொருவர். ஏஜியன் கடலில் இருந்தது என்பார் வேறொருவர். இவர்களுள் எவர் கூற்று ஏற்கத்தக்கது என்பதை நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இவ்வழக்கிற்குச் சாட்சி ஒருவரே. அவர் கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ. கி.மு. 360ஐ ஒட்டி அவர் இயற்றிய திமேயஸ், கிரிதியாஸ் என்னும் இரண்டு உரையாடல்களில்தான் இக்கதை முதன்முதல் காணப்படுகிறது. ஏதென்ஸ் நகரத்துச் சட்ட அறிஞரான சோலோன் எகிப்துக்குச் சென்றபோது, சாயிஸ் நகரத்துக் கோயில் குருமார் அவருக்கு இதனைச் சொன்னார்களாம். சோலோன் காலத்திற்கு 9,000 ஆண்டுகளுக்கு முன், ஹெர்க்குலிஸ் தூண்கள் எனப்பட்ட ஜிப்ரால்டர் நீரிணைக்கு எதிரே, லிபியாவும் ஆசியாவும் சேர்ந்தாலும் ஈடாகாத பெருந்தீவு ஒன்று இருந்தது. கடல் தெய்வமாகிய பொசைடனின் வழிவந்தோர் அதனை ஆண்டனர். வெள்ளை, கறுப்பு, சிவப்பு நிறக் கற்களால் கட்டிய மாளிகைகளும், வட்ட வட்டமாக வெட்டிய கால்வாய்களும், யானைக் கூட்டங்களும் அங்கே இருந்தன. அத்தீவினர் செருக்குற்றுப் படையெடுத்து வந்து ஏதென்ஸிடம் தோற்றனர். பின்னர் நிலநடுக்கமும் வெள்ளமும் தோன்ற, ஒரு பகலும் ஓரிரவும் கழிவதற்குள் தீவு கடலுள் மறைந்தது.

சொல்லை அப்படியே நம்பியவர் அமெரிக்க அரசியல்வாதியான இக்னேஷியஸ் டானலி. 1882இல் வெளிவந்த அவர் நூல், அட்லாண்டிக் கடலின் நடுவிலேயே அக்கண்டம் கிடக்கிறது என்றது. எகிப்திலும் மெக்சிகோவிலும் பிரமிடுகள் இருப்பதற்கு இடையே ஒரு தாய்நாடு இருந்ததே காரணம் என்பது அவர் வாதம். இன்று இவ்வாதத்திற்கு இடமில்லை. அக்கடலின் நடுவே நீண்டு செல்லும் மலைத்தொடர் அமிழ்ந்துபோன கண்டம் அன்று. பூமியின் உள்ளிருந்து பாறைக்குழம்பு மேலெழுந்து புதிய தரையாக உறையும் இடம். அங்கே தரை பிறக்கிறதேயன்றி மூழ்கவில்லை.

ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஷுல்டன், ஸ்பெயினின் தென்மேற்கே குவாதல்கிவிர் ஆற்று முகத்தில் இருந்த டார்டெஸ்ஸஸ் என்னும் வணிக நகரமே அட்லாண்டிஸ் என்றார். தூண்களுக்கு அப்பால் என்னும் குறிப்பு இதற்குப் பொருந்துகிறது. ஆனால் 1920களில் அவர் அகழ்ந்த இடத்தில் கிடைத்தது ரோமர் காலத்துச் சிற்றூரே.

மூன்றாவது கொள்கைக்குத்தான் அறிஞரிடையே மதிப்பு மிகுதி. ஏஜியன் கடலில் தேரா என்னும் தீவு உண்டு. சாந்தோரினி என்றும் வழங்கும். கி.மு. 1600ஐ ஒட்டி அங்கிருந்த எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுள் வீழ்ந்தது. கிரீட் தீவின் நாகரிகம் அழிந்ததற்கு இதுவே காரணமாகலாம் என்று 1939இல் எழுதினார் கிரேக்கத் தொல்பொருள் அறிஞர் ஸ்பிரிடான் மரினாடோஸ். 1967இல் அவரே தேராவின் அக்ரோத்திரியில் அகழத் தொடங்கினார். சாம்பலுக்கு அடியில் இரண்டு மூன்று மாடி வீடுகளும், கப்பல்கள் அணிவகுத்துச் செல்லும் சுவரோவியமும் வெளிப்பட்டன. அத்தீவில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமான பாறைகளை இன்றும் காணலாம். உள்ளத்தைக் கவரும் சான்றுகள் இவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கணக்கு இடிக்கிறது. 9,000 ஆண்டு எங்கே, 900 ஆண்டு எங்கே? நிலநடுக்க ஆராய்ச்சியாளர் கலனோபுலோஸ் இதற்கு ஒரு சமாதானம் கண்டார். எகிப்திய ஏட்டில் நூறு என்றிருந்ததை ஆயிரம் என்று பிழைபடப் படித்துவிட்டார்களாம்; எல்லா எண்களையும் பத்தால் வகுத்தால் சரியாகிவிடுமாம். எகிப்தியப் படவெழுத்தில் நூறு என்பது சுருட்டிய கயிறு. ஆயிரம் என்பது தாமரை. கயிற்றைத் தாமரையாகக் கண்ட கண் எத்தகைய கண்ணோ! எண்ணைக் குறைத்த பின்னும் வேலை முடியவில்லை. தூண்களை ஜிப்ரால்டரிலிருந்து பெயர்த்துக் கிரேக்க நாட்டு முனைகளுக்குக் கொண்டுவர வேண்டும். யானைகளை விட்டுவிட வேண்டும். மேலும், தேராவின் சாம்பல் வீழ்ந்த பின்னரும் கிரீட் நாட்டார் பல்லாண்டுகள் வாழ்ந்து மாளிகை கட்டினர் என்பதை அகழ்வுகள் காட்டுகின்றன.

என் கருத்து இது. ஒரே சாட்சியின் வாக்கில் காலத்தை ஒருவர் மாற்றுகிறார், அளவை ஒருவர் மாற்றுகிறார், திசையை ஒருவர் மாற்றுகிறார். இவ்வளவும் மாற்றிய பிறகு கண்டுபிடிக்கப்படுவது பிளேட்டோ சொன்ன நாடு ஆகாது. ஆராய்ச்சியாளர் விரும்பிய நாடே ஆகும். அதே கதையில் வரும் 9,000 ஆண்டுப் பழைமையுள்ள ஏதென்ஸை எவரும் தேடிப் புறப்படவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நல்லாட்சிக்கு ஏதென்ஸையும் செருக்குக்கு அட்லாண்டிஸையும் எடுத்துக்காட்டாக நிறுத்தவே பிளேட்டோ இக்கதையைப் புனைந்தார் என்று நான் கொள்கிறேன்.

இந்த அளவுகோலை நம் வீட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார், கடல் கொண்ட நிலத்தை எழுநூற்றுக் காவதம் என்றார். 1864இல் ஆங்கில விலங்கியலார் ஸ்கிளேட்டர், லெமூர் என்னும் விலங்கினம் பரவிய வகையை விளக்க லெமூரியாக் கண்டத்தைக் கற்பித்தார். பின்வந்தோர் இரண்டையும் ஒன்றாக்கினர். உரையாசிரியர் அறிந்த பழைய செய்தி வேறு, விலங்கியலார் கற்பித்த கண்டம் வேறு. பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்குக் காட்டிலும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்து பின் உயர்ந்தது உண்மை. அதனால் நம் தென்கரையில் நிலம் மறைந்ததும் உண்மை. இதிலிருந்து ஒரு கண்டத்தை நிறுவிவிட முடியாது.

பிளேட்டோவுக்கு இக்கற்பனை எங்கிருந்து பிறந்தது? அவர் வாழ்நாளிலேயே, கி.மு. 373இல், கொரிந்து வளைகுடாக் கரையில் ஹெலிகே என்னும் நகரம் ஓரிரவில் நிலநடுக்கத்தாலும் பேரலையாலும் அழிந்தது. அந்நகரத்துத் தெய்வமும் பொசைடனே. இச்செய்தி அவர் செவிக்கு எட்டாதிருக்க முடியாது. நீருள் பொசைடனின் வெண்கலச் சிலை நிற்கிறது என்று ஓடக்காரர் சொல்லக் கேட்டதாகப் பிற்காலத்தில் எரடோஸ்தனிஸ் கூறினார். இக்காலத்தில் வளைகுடாவின் அடித்தரையில் தேடியவர்களுக்கு நகரம் அகப்படவில்லை. தோரா கட்சோனொபுலு, ஸ்டீவன் சோட்டர் ஆகியோர் 1988இல் கரைப்பக்கம் திரும்பினர். 2001இல் அந்நகரின் சுவர்கள் அகப்பட்டன. தூர்ந்துபோன பழங்காயல் ஒன்றின் சேற்றுப் படிவுக்கு அடியில், கடலிலிருந்து விலகிய உள்நிலத்தில்.