நுரையும் கொழுப்பும்: சவரச் சோப்பின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

தாடி வைத்திருக்கும் மதரஸா ஆசிரியருக்குச் சவரச் சோப்போடு என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். தாடி வேறு, மழித்தல் வேறு. இயற்கை மரபுகள் என நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஐந்தில் கத்திக்கு உரிய இடம் உண்டு. பிறந்த ஏழாம் நாள் குழந்தையின் தலை மழிக்கப்படுகிறது. ஹஜ்ஜிலும் உம்ராவிலும் முடியைக் குறைப்போரைவிடத் தலையை மழிப்போருக்கே கூடுதல் சிறப்பு உண்டு. அவர்களுக்காக நபியவர்கள் திரும்பத் திரும்ப துஆச் செய்தார்கள். ஆகவே ஒரு முஸ்லிமின் வீட்டில் சவரக் கத்தி என்றும் அந்நியப் பொருளாக இருந்ததில்லை.

2020 ஊரடங்கில் முடிதிருத்தும் கடைகள் மூடிக் கிடந்தபோது, என் தலையை நானே மழித்துக்கொள்ளப் பழகினேன். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையை விட்டுவிட்டு, கிண்ணம், பிரஷ், கட்டிச் சோப்பு என்ற பழைய முறைக்கு வந்தது அண்மையில்தான். இதில் நான் இன்னும் தொடக்க வகுப்பு மாணவன். செய்தி பரவியதும் உறவினர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து தந்தார்கள். துபாயிலிருந்து வந்த மச்சான் அலெப்போ சோப்பு ஒரு கட்டி தந்தார். மருமகன் வெளிநாட்டுச் சவரச் சோப்பு ஒன்றை வரவழைத்துத் தந்தான். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் வட்டச் சோப்பும் குழாய்க் கிரீமும் ஏற்கெனவே இருந்தன. குளியல் சோப்பும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பும் எந்த வீட்டிலும் உள்ளவையே.

இவற்றை வாரத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உடனே நுரைக்கிறது. பெரிய பெரிய குமிழிகள். தலையின் பின்புறத்துக்குக் கத்தி போய்ச் சேர்வதற்குள் நெற்றிப் பக்கத்து நுரை வற்றிவிடுகிறது, தோலும் இழுக்கிறது. குளியல் சோப்பும் ஏறத்தாழ அதே கதைதான். அலெப்போ சோப்பு மணத்தால் மனத்தைக் கவர்ந்தது. நுரையோ மெலிந்த பாகுபோல வழிந்தது. உடம்புக்கு அதைவிட நல்ல சோப்பை நான் கண்டதில்லை. கத்திக்கு அது ஆகாது. குழாய்க் கிரீம் தொடக்கக்காரனுக்கு மிக எளிது. விரல் நுனியளவு போதும். வட்டச் சோப்பிலிருந்து நுரையை எழுப்ப ஒரு நிமிடம் கூடுதலாகப் பிரஷ்ஷைச் சுழற்ற வேண்டும். எழுந்தபின் கிரீமுக்கு அது குறைந்ததன்று. மருமகன் தந்த சோப்பின் நுரைதான் எல்லாவற்றையும் விஞ்சியது. தயிர்போல் அடர்த்தி, பத்து நிமிடமானாலும் அசையாது, கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. அதன் உறையைத் திருப்பிப் படித்தபோது முதலில் இருந்த சொல் ‘டாலோ’. அதாவது விலங்குக் கொழுப்பு.

எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்பது உறையில் இல்லை. அன்றிலிருந்து அந்தச் சோப்பு அலமாரியில் இருக்கிறது. மிக நல்ல நுரைக்கும் கொழுப்புக்கும் அப்படி என்ன உறவு என்று தேடியபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சோப்பு என்பது கொழுப்பும் காரமும் சேர்ந்து பிறப்பது. நம் முன்னோர் வழங்கிய சவுக்காரம் என்ற சொல்லிலேயே காரம் இருக்கிறது. அரபியர் உவர்நிலச் செடிகளை எரித்துக் கிடைத்த சாம்பலை ‘அல்கலீ’ என்றார்கள். ஐரோப்பிய மொழிகள் காரத்துக்கு வழங்கும் ‘ஆல்கலி’ அதிலிருந்து வந்ததே. பொட்டாசியத்துக்கு வேதியியலில் ‘கே’ என்ற குறியீடு இருப்பதும் அந்தச் சொல்லின் லத்தீன் வடிவமான ‘காலியம்’ என்பதால்தான். இந்தச் செய்தியை மாணவர்களுக்குச் சொன்னால் அவர்கள் வேதியியல் புத்தகத்தைச் சற்று மரியாதையோடு பார்க்கிறார்கள்.

நபியவர்கள் காலத்து அரபகத்தில் தலை கழுவ இலந்தை இலையும் கித்மி என்னும் செடியும் பயன்பட்டன. மய்யித்தைக் குளிப்பாட்டும் நீரில் இலந்தை இலை கலக்கும் வழக்கம் ஹதீஸ்களில் வருகிறது. பின்னர் ஆலிவ் மரங்கள் நிறைந்த ஷாம் நாட்டில் சோப்புத் தொழில் செழித்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய புவியியலாளர் முகத்தஸீ, பாலஸ்தீனத்திலிருந்து வெளியூர் செல்லும் சரக்குகளில் சோப்பையும் ஒன்றாகக் குறிக்கிறார். 1326இல் அலெப்போவை நோக்கிப் பயணித்த இப்னு பதூதா, ஸர்மீன் என்ற ஊரில் செங்கல் வடிவச் சோப்பு செய்யப்பட்டு எகிப்துக்கும் டமாஸ்கஸுக்கும் போவதையும், கை கழுவுவதற்கென மணமூட்டி, சிவப்பும் மஞ்சளுமாக நிறமேற்றிய சோப்பு செய்யப்படுவதையும் எழுதியுள்ளார். நாப்லஸ் சோப்பையும் அலெப்போவின் லாரல் சோப்பையும் செய்யும் கைத்திறன்களை 2024இல் யுனெஸ்கோ மனித குல மரபுப் பட்டியலில் சேர்த்தது. போரும் நிலநடுக்கமும் கண்ட அலெப்போவும், முற்றுகைக்கு நடுவே நிற்கும் நாப்லஸும் அந்தத் தொழிலை இன்னும் விடவில்லை.

இந்தச் சோப்புகள் ஆலிவ் எண்ணெயால் ஆனவை. ஹலால் ஹராம் ஐயத்துக்கு அவற்றில் இடமே இல்லை. ஆனால் ஆலிவ் எண்ணெய் தரும் நுரை கத்தியைத் தாங்காது. அக்காலத்தில் மழித்தல் பெரும்பாலும் ஹம்மாமில் நடந்தது. வெந்நீரிலும் நீராவியிலும் ஊறிய முடிக்கு நுரையின் துணை அவ்வளவாகத் தேவைப்படாது. முடியை மென்மையாக்குவது உண்மையில் தண்ணீர்தான்; அந்தத் தண்ணீரை முடியின் மேல் பிடித்துவைப்பதே நுரையின் வேலை. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் சந்தைக் கண்காணிப்பு நூல் எழுதிய ஷைஸரீ, ஹம்மாம் நாவிதர்களுக்கும் விதிகள் வகுத்தார். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். வேலை நாளில் வெங்காயம், பூண்டு போன்றவற்றைத் தின்று வாய் நாற்றத்தோடு வாடிக்கையாளரின் முகத்தருகே வரக்கூடாது. இன்றைய கடைகள் சிலவற்றிலும் அந்த விதியை எழுதி ஒட்டலாம்.

ஹம்மாமின் வெந்நீர் இல்லாமல், வீட்டுக் கண்ணாடி முன் நின்று தானே மழித்துக்கொள்ளும் பழக்கம் பரவியபோதுதான் நீடித்து நிற்கும் நுரை தேவைப்பட்டது. அந்த நுரையின் இரகசியம் ஸ்டியரிக் அமிலம். கொழுப்புகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஷெவ்ரல் அதைப் பிரித்தறிந்து, 1823இல் தம் நூலில் விளக்கினார். மாட்டுக் கொழுப்பிலும் ஆட்டுக் கொழுப்பிலும் அது நிறைய உண்டு. ஆலிவிலும் தேங்காயிலும் மிகக் குறைவு. ஸ்டியரிக் அமிலத்தோடு சோடியக் காரம் சேர்ந்தால் கட்டியான சோப்பு. பொட்டாசியக் காரம் சேர்ந்தால் எளிதில் கரையும் மென்சோப்பு. சவரச் சோப்பில் இரண்டு காரமும் கலந்திருக்கும்; ஸ்டியரிக் அமிலம் மேலோங்கியிருக்கும். குளியல் சோப்பு கத்திக்கு ஏன் உதவாது என்பதற்கு விடை இதுதான்.

1840களில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வில்லியம்ஸ் என்பவரின் தொழிற்சாலை சவரத்துக்கென்றே சோப்பு செய்து விற்றது. 1903இல் விற்பனைக்கு வந்த ஜில்லெட் ரேஸர் முதலாண்டில் 51 மட்டுமே விற்றது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் ஒவ்வொருவருக்கும் அது கொடுக்கப்பட்டபின், வீட்டுச் சவரம் உலக வழக்கமாயிற்று. ரேஸர் போன இடமெல்லாம் சோப்பும் போயிற்று. சோப்போடு கொழுப்பும் போயிற்று. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயச் சோப்புகளிலும் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தது. கோத்ரெஜ் 1918இல் விலங்குக் கொழுப்பில்லாத தாவர எண்ணெய்ச் சோப்பைச் செய்தபோது அது விடுதலை இயக்கத்தின் சுதேசிப் பெருமையாக மட்டுமன்றி, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருசேர நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

தாவர எண்ணெயிலிருந்து ஸ்டியரிக் அமிலம் பெறும் வழி, நார்மன் என்ற ஜெர்மானியர் 1902இல் காப்புரிமை கோரிய முறையால் திறந்தது. திரவ எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறை அது. வனஸ்பதியின் பிறப்பும் அங்கேதான். இன்று நம் கடைகளில் உள்ள சவரச் சோப்புகள் பலவற்றில் இருப்பது பாமாயிலிலிருந்து வந்த ஸ்டியரிக் அமிலம். தாவரம் என்றதும் எல்லாம் தூய்மை என்று கொள்ள வேண்டியதில்லை. 1911இல் லீவர் நிறுவனம் காங்கோவில் பெற்ற பாமாயில் நிலங்களில் மக்கள் கட்டாய உழைப்பில் வதைபட்டது வரலாறு. ஹராமான கொழுப்பு இல்லை என்பது ஒரு கேள்விக்கான விடை. கூலி கொடுக்கப்பட்டதா என்பதும் மார்க்கம் கேட்கும் கேள்வியே.

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டின் அல்லது ஆட்டின் கொழுப்பில் சிக்கல் இல்லை. முறைப்படி அறுக்கப்படாததன் கொழுப்பும் பன்றிக் கொழுப்புமே பேச்சு. மக்கா வெற்றியின் ஆண்டில், செத்தவற்றின் கொழுப்பைப் படகுகளுக்குப் பூசலாமா, விளக்கெரிக்கலாமா என்று நபியவர்களிடம் கேட்கப்பட்டது, அனுமதி கிடைக்கவில்லை. ஹராம் என்ற அந்தத் தீர்ப்பு விற்பனையைக் குறித்ததா, பயன்பாட்டையும் குறித்ததா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். ஷாஃபியீ மத்ஹபில், படகுக்கும் விளக்குக்கும் பயன்படுத்தலாம், உண்பதும் மனித உடலில் பூசுவதும் கூடாது என்பதே சரியான கூற்று என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். சவர நுரை உடலில் பூசப்படுவது. ஆகவே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் உள்ள ஷாஃபியீ குடும்பங்களுக்கு விடை தெளிவு.

ஹனஃபீ மத்ஹபில் வழி சற்று அகலம். ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகிவிட்டால் அது உப்புதான் என்பது நூல்களில் வரும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அசுத்தமான எண்ணெயால் செய்த சோப்பும் தூய்மையானதே என்று, மக்களின் பரவலான தேவையைக் கருதி, ஃபத்வா கொடுக்கப்பட்டது. காரத்தோடு சேர்ந்தபின் கொழுப்பு கொழுப்பாக இல்லை என்று வேதியியலும் சொல்கிறது. ஒரே வீட்டில் கணவர் ஹனஃபீ, மனைவியின் குடும்பம் ஷாஃபியீ என்று இருப்பது நம்மிடையே சாதாரணம். சோப்புக் கிண்ணத்துக்காகச் சம்பந்திகள் வாதிட வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், தாவரச் சோப்பு எளிதில் கிடைக்கும் ஊரில் சலுகையைத் தேடிப் போக வேண்டியதில்லை. வல்லாஹு அஃலம்.

உறையைப் படிக்கும்போது ‘சோடியம் டாலோவேட்’ என்றிருந்தால் விலங்குக் கொழுப்பு. ‘சோடியம் பால்மேட்’ என்றால் பாமாயில். ‘ஸ்டியரிக் அமிலம்’, ‘பொட்டாசியம் ஸ்டியரேட்’, ‘கிளிசரின்’ ஆகிய மூன்றும் இரு வழியிலும் வரக்கூடியவை. பச்சைப் புள்ளியோ ஹலால் முத்திரையோ இருந்தால் ஐயம் தீரும்.

சோப்பைப் பற்றி இத்தனை பேர் கேட்கிறார்கள். பிரஷ்ஷைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எனக்கு அதுவே பெரிய கேள்வியாகப் படுகிறது. உலகச் சந்தையில் மலிவான இயற்கை பிரஷ் பெரும்பாலும் பன்றி முடி. விலையுயர்ந்தது பேட்ஜர் என்ற விலங்கின் முடி. முதல் உலகப் போரின்போது பேட்ஜர் முடி கிடைக்காமல், ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியை அதுபோல் தோன்றச் செய்து விற்றார்கள். சரியாகத் தூய்மைப்படுத்தாத அந்த பிரஷ்களால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படைவீரர்கள் உட்படப் பலர் ஆந்த்ராக்ஸ் நோய் கண்டார்கள், சிலர் இறந்தார்கள். 1938இல் நைலான் இழை பல் துலக்கும் பிரஷ்ஷில் பன்றி முடியின் இடத்தைப் பிடித்தது. இன்று சவர பிரஷ்களிலும் செயற்கை இழை தாராளமாகக் கிடைக்கிறது.

பன்றி முடியைச் செருப்புத் தைப்பவர் ஊசிக்குப் பதிலாகப் பயன்படுத்துவதை ஹனஃபீ நூல்கள் தேவை கருதி அனுமதித்தன. சவர பிரஷ்ஷுக்கு அத்தகைய தேவை இல்லை. பேட்ஜர் முடியை ஹனஃபீகள் தூய்மையானதாகக் கொள்வார்கள், ஷாஃபியீகள் கொள்ளமாட்டார்கள். பன்றி முடி ஈரத்தோடு பட்ட இடத்தை ஷாஃபியீ மத்ஹபின்படி ஏழு முறை கழுவ வேண்டும்; அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். ஒரே முறை கழுவினால் போதும் என்பதே ஆதார அளவில் வலுவானது என இமாம் நவவீ கருதினாலும், மத்ஹபின் தீர்ப்பு ஏழுதான். அந்த மண்ணுக்குப் பதிலாகச் சோப்பு போதுமா என்றும் அந்நூல்கள் பேசுகின்றன. போதாது என்பதே வலுவான சொல். முகம் முழுக்கச் சோப்பு நுரை பூசிய பின்னும் மண்ணைத் தேட வேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள்.

கையிலுள்ள பிரஷ் எதனால் ஆனது என்று தெரியாவிட்டால், ஓர் இழையைப் பிடுங்கித் தீயில் காட்டுங்கள். செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். முடி கருகி, முடி பொசுங்கும் நாற்றம் வரும். முடிதிருத்தும் கடையில் பொது பிரஷ் இருந்தால், வீட்டிலிருந்து சொந்த பிரஷ் கொண்டுபோவதில் வெட்கம் வேண்டாம். தோல் நோய்க்கும் அதுவே காப்பு.

எந்தச் சோப்பையும் கைவிடுமுன் தண்ணீரைப் பாருங்கள். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகிவிடும், நுரை எழாது. எங்கள் வீட்டு ஆழ்குழாய் நீரில் சோர்ந்துபோன அதே வட்டச் சோப்பு, கேன் தண்ணீரில் ஒரு கிண்ணம் நிறைய நுரைத்தது. மழைநீர் சேமித்திருப்போருக்கு அதுவும் வேண்டாம். மழிக்குமுன் வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் தலையில் சுற்றி வையுங்கள். நான் இப்போது பயன்படுத்துவது பச்சைப் புள்ளியிட்ட அந்த வட்டச் சோப்பும் ஒரு நைலான் பிரஷ்ஷும். அலெப்போ சோப்பு குளியலறைக்குப் போய்விட்டது. அங்கே அதற்கு நிகர் இல்லை.