லியர்ன்: வளைவுக் கூரையின் வரிச்சு

கோதிக் தேவாலயங்களின் வளைவுக் கூரையில், ஒரு விலாவிலிருந்து இன்னொரு விலாவுக்கு ஓடும் சிறு இணைப்பு விலா லியர்ன் எனப்படும். சுவரிலோ, விலாக்கள் கூடும் நடு முடிச்சிலோ தொடங்கும் விலாவை இப்பெயரால் அழைப்பது ஆங்கில வழக்கில் பிழை. பிரெஞ்சிலோ நடு முடிச்சிலிருந்து கிளம்புவதே லியர்ன். தச்சில் அது மரங்களைப் பிணைக்கும் கிடைச்சட்டம். கட்டுதலைக் குறிக்கும் 'லியே' என்ற வினையோடு இச்சொல்லை இணைப்பர். அவ்வினைக்கு மூலம் லத்தீனின் 'லிகாரே'. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குளோஸ்டர் பேராலயம் போன்றவற்றில், இவ்விலாக்கள் வலைப்பின்னலாகப் பெருகின. அங்கே அவை பெரும்பாலும் அழகுக்கே.

தமிழில் 'வரிதல்' என்றாலும் கட்டுதல்தான். வரிந்து கட்டுதலில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. அதன் வழிவந்த 'வரிச்சு', கூரையின் கைமரங்களுக்குக் குறுக்கே செல்லும் சட்டம். விருதுநகர், சிவகாசி வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடுகளில் ஓடு தாங்குவது அதுவே. இப்போது 'ரீப்பர்' என்ற சொல் அப்பெயரின் இடத்தைப் பிடித்துவருகிறது. வரிச்சு சுமை தாங்கும், லியர்ன் அவ்வளவாகத் தாங்காது. ஆயினும் தச்சிலும் பொருளிலும் இரண்டும் ஒரே வழியில் வந்தவை. ஆகவே லியர்னுக்குத் தமிழில் 'இணைப்பு விலா' என்ற நேர்பெயர்ப்பைவிட 'விலா வரிச்சு' எவ்வளவோ மேல்.