முருங்கன் வயலும் வளவும்: நான்கு பாம்புகளை அறிந்துகொள்வோம்

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் முருங்கன் வயல்களில் நெல் விளைந்தால் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். இடப்பெயர்வால் பற்றை மண்டிய வளவுகளும், ஓடும் கல்லும் குவிந்த இடிபாடுகளும் அதற்கு நல்ல ஒதுக்கிடம். இலங்கையில் ஆண்டுக்கு 80,000 க்கும் அதிகமானோர் பாம்புக்கடிக்கு உள்ளாவதாகவும், 400 க்கும் மேற்பட்டோர் இறப்பதாகவும் 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது.

பாம்பு என்றதும் பலர் என்னிடம் கேட்பது நாகத்தைப் பற்றித்தான். நான் அதைவிட அஞ்சுவது எண்ணெய் விரியனுக்கு.

எண்ணெய் விரியன்: பளபளக்கும் கருப்பு உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள். தலைப்பக்கம் மங்கி, வால்பக்கம் தெளியும். விசமற்ற ஓநாய்ப் பாம்பில் இது மறுவளம். இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்புறம் வயிற்றுவலி, இமை சரிதல், விழுங்க முடியாமை என்று தொடங்கி மூச்சு நிற்கலாம். தற்காலிகக் கொட்டில்களில் வாழ்வோர் இதை மறக்கக்கூடாது.

முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்): தடித்த மண்ணிற உடலில் சங்கிலிபோல் முட்டைவடிவப் புள்ளிகள். பலமாகச் சீறும். வெங்கிணாந்திக் குட்டி என்று எண்ணிக் கைவைப்பவர்கள் உண்டு. கடித்ததும் கடும் வலி, வீக்கம். பிறகு முரசில் இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு.

சுருட்டை: வறண்ட கரையோர மணற்பகுதியில் வாழும் சிறிய பாம்பு. உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி ஓசை எழுப்பும்.

நாகம்: படம் எடுத்தால் எல்லோரும் அறிவர். எடுக்காதபோது சாரையென்று ஏமாறலாம்.

மீனவர்கள் வலையில் சிக்கும் கடற்பாம்புகளை விசமுள்ளவையாகவே கருதவேண்டும்.

கடிபடாமல் இருக்க

நிலத்தில் படுத்தாலும் நுளம்புவலையின் ஓரங்களைப் பாயின்கீழ் நன்றாகச் செருகுங்கள். இரவில் ரோச் லைட் இல்லாமல் வெளியே இறங்கவேண்டாம். அறுவடையின்போது சப்பாத்து அணியுங்கள். கல், விறகுக் குவியலைக் கிளறத் தடியைப் பயன்படுத்துங்கள், கையை அல்ல.

கடித்துவிட்டால்

மோதிரம், காப்பு, இறுக்கமான உடையைக் கழற்றுங்கள். கடிபட்ட கைகாலை அசைக்காமல் வைத்திருங்கள். இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல், விசக்கல் வைத்தல் எதுவும் வேண்டாம். அஸ்பிரின் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடும். பாம்பைத் துரத்தினால் இன்னொருவரும் கடிபடுவார்; தூரத்திலிருந்து கைபேசியில் ஒரு படம் போதும்.

விசகடி வைத்தியரை நம்பும் வழக்கம் எங்களிடம் பழையது. ஆனால் சுவாசம் நிற்பவருக்குச் செயற்கைச் சுவாசம் வைத்தியசாலையில்தான் கிடைக்கும். மேலே சொன்ன நான்கு பாம்புகளின் விசத்துக்கும் ஒரே எதிர்ப்பு மருந்து பயன்படுகிறது. எனவே எது கடித்தது என்று தெரியாவிட்டாலும் தாமதிக்காதீர்கள். அறிகுறி இல்லையென்றாலும் குறைந்தது ஒருநாள் வைத்தியர்களின் கண்காணிப்பில் இருக்கவேண்டும்.

நோயாளர் காவு வண்டிக்கு 1990 இலவச அழைப்பு. அது வரத் தாமதமானால் நள்ளிரவில் எந்த அயலவரின் வாகனத்தை எழுப்பிக் கேட்பது என்பதை இன்றே வீட்டில் பேசி வையுங்கள்.