பலகைக்கு அடியில் பூசிய மெழுகு

2023 அக்டோபர் 28. ஆஸ்திரியாவின் சோல்டனில் பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் பருவத்தின் முதல் பந்தயம். நார்வே வீராங்கனை ராக்ன்ஹில்ட் மோவின்கெல் பந்தயத்தை முடித்த பிறகு தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஊக்கமருந்து விவகாரம் இல்லை. வழியில் நட்டிருந்த கொடிகளில் எதையும் அவர் தவறவிடவும் இல்லை. அவருடைய பலகையின் அடிப்பக்கத்தைச் சோதித்த கருவி, அங்கே ஃப்ளோரின் இருப்பதாகக் காட்டியது. ஃப்ளோரின் மெழுகுக்கான புதிய தடை அமலுக்கு வந்து நடந்த முதல் பந்தயமே அதுதான்.

பனிச்சறுக்கால் சுற்றுச்சூழலுக்கு வரும் கேடு என்றால், மரம் வெட்டி வழித்த மலைச்சரிவு, செயற்கைப் பனிக்கு உறிஞ்சும் தண்ணீர், மலையேறும் கார்களின் புகை ஆகியவைதான் பேச்சில் அடிபடும். பலகைக்கு அடியில் தேய்க்கிற மெழுகு வெகுகாலம் யார் கணக்கிலும் வரவில்லை. அது எங்கே போகிறது என்ற கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது.

தொடக்கத்தில் பூசியது மரக்கீல். நம் கடற்கரையில் படகுக்குக் கீல் பூசுவது எதற்காகவோ, அதே காரணம்தான் அங்கும்: மரத்தின் நுண்துளைகளை அடைத்துத் தண்ணீர் ஏறாமல் காப்பது. வட ஐரோப்பாவின் சாமி மக்களைப் பற்றி யோஹன்னஸ் ஷெஃபர் 1673இல் வெளியிட்ட நூலிலேயே, பலகைக்கு பைன் மரக்கீலும் பிசினும் பூசும் பழக்கம் பதிவாகியிருக்கிறது. அன்று பனிச்சறுக்கு விளையாட்டு அல்ல. வேட்டைக்கும் பயணத்துக்குமான வழி.

வேகத்துக்காகப் பூசத் தொடங்கியவர்கள் கலிஃபோர்னியாவின் தங்கச் சுரங்கத் தொழிலாளிகள். 1850களில் சியெரா நெவாடா மலையில் குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள், ஆளைவிட இருமடங்கு நீளமான பலகைகளில் நேர்க்கோடாகச் சரிந்து பந்தயம் விட்டார்கள். பலகைக்குப் பூசும் கலவைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘டோப்’. திமிங்கில எண்ணெய், தாவர எண்ணெய், பைன் பிசின் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்குவம் வைத்திருந்தார்கள். அதை அடுத்தவனுக்குச் சொல்லமாட்டார்கள். ‘சியெரா லைட்னிங்’ என்ற பெயரில் ஒரு கலவை விற்பனைக்கே வந்தது. ஒரு மலைச்சரிவில் சில விநாடி முந்துவதற்காகக் கடலின் திமிங்கிலம் பனியில் தேய்ந்தது.

20ஆம் நூற்றாண்டில் அது தொழிலாகவே ஆயிற்று. நார்வேயின் பீட்டர் ஓஸ்ட்பீ 1913இல் ‘க்ளிஸ்டர்’ என்ற பசைபோன்ற மெழுகுக்குக் காப்புரிமை பெற்றார். 1940களில் ஸ்வீடனின் ஒலிம்பிக் வீரர் மார்ட்டின் மாட்ஸ்போவின் ஆலோசனையுடன் பெட்ரோலிய மெழுகுகள் உருவாயின. ‘ஸ்விக்ஸ்’ என்ற பெயரில் அவை குளிருக்கு ஒரு நிறம், ஈரப்பனிக்கு ஒரு நிறம் என்று பிரிந்து கடைக்கு வந்தன. அதன் பிறகு சமையலறையில் கலவை காய்ச்ச வேண்டியதில்லை. வெப்பமானியைப் பார்த்து மெழுகுக் கட்டியை எடுத்தால் போதும்.

மெழுகு பூசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். பலகையைக் கவிழ்த்துப் பிடிகளில் இறுக்குகிறார்கள். மெழுகுக் கட்டியைச் சூடான இஸ்திரிப்பெட்டியில் வைத்தால் சொட்டுச் சொட்டாக அடிப்பக்கத்தில் விழும். அதைப் பெட்டியாலேயே இழுத்துப் பரப்பி, ஆறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுக்கிறார்கள். தரையெல்லாம் தேங்காய்த் துருவல்போலச் சுருள் விழுகிறது. பிறகு தூரிகையால் தேய்ப்பு. பூசியதில் பெரும்பகுதி அந்த அறையிலேயே உதிர்ந்துவிடும். மிச்சம் பனியில் உதிரும். வசந்தத்தில் பனி உருகும்போது அது மண்ணுக்கும் ஓடைக்கும் போகும்.

மரக்கீலும் சாதாரண மெழுகும் இருந்தவரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980களின் பிற்பாதியில் ஃப்ளோரின் வந்தது. ஈரப்பனியில் பலகையைப் பிடித்து இழுப்பது தண்ணீர்ப் படலம். ஃப்ளோரின் சேர்மங்களோ தண்ணீரை ஒட்டவே விடாது. 1990இல் ஸ்விக்ஸ் ‘செரா எஃப்’ என்ற ஃப்ளோரின் தூளை அறிமுகப்படுத்தியது. விலை கடுமை, ஆனால் பந்தயத்தில் அது இல்லாமல் இறங்குவது தோல்விக்குச் சமம் என்றானது.

ஒட்டாத தோசைக்கல் வழியாக நம் வீட்டுக்கும் அறிமுகமான வேதியியல் குடும்பம்தான் இது. இயற்கையில் எளிதில் சிதையாததால் இவற்றை ‘என்றும் அழியா இரசாயனங்கள்’ என்கிறார்கள். அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ.வைத் தேடி ஸ்வீடன் ஆய்வாளர்கள் உலகக் கோப்பை அணிகளின் மெழுகுத் தொழில்நுட்பர்கள் எட்டுப் பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நடுமதிப்பு மில்லிலிட்டருக்கு 112 நானோகிராம். ஸ்வீடனின் பொதுமக்களிடம் இருந்ததோ 2.5. அதாவது ஏறக்குறைய 45 மடங்கு. இஸ்திரிப்பெட்டியிலிருந்து எழுந்த புகையை நாள் முழுக்கச் சுவாசித்ததன் விளைவு. 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு, நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் அருகேயுள்ள பனிச்சறுக்குத் தளத்தின் மண்ணிலும் மண்புழுவிலும் வயல் எலியிலும் இதே குடும்பச் சேர்மங்களைக் கண்டது. பனி உருகி எங்கே போனது என்பதற்கு மண்புழு சாட்சி சொன்னது.

பிறகு முடிவுகள் வேகமாக வந்தன. நார்வே முதலில் சிறுவர் பந்தயங்களில் ஃப்ளோரினை விலக்கியது. சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2019 நவம்பரில் முழுத் தடையை அறிவித்தது. ஆனால் பந்தயத் திடலிலேயே நம்பகமாகச் சோதிக்கும் கருவி கைக்கு வராமல், அமலுக்கு 2023 வரை ஆயிற்று. இடையில் 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் பி.எஃப்.ஓ.ஏ.வைத் தடை செய்தது. 2023 முடிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற பனிச்சறுக்கு ஊர், நிலத்தடி நீரில் இந்தச் சேர்மங்களின் தடம் தெரிந்த பிறகு, 2023இல் ஃப்ளோரின் மெழுகைத் தடுத்தது. வீட்டில் கிடந்த பழைய கட்டிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னது.

வார இறுதியில் மட்டும் மலையேறும் சாதாரண ஆட்களிடமும் பழக்கம் மாறிவருகிறது. சோயா போன்ற தாவர எண்ணெயில் செய்த மெழுகை வாங்குகிறார்கள். வாகன நிறுத்தத்தில் வழித்துப் பனியோடு விடாமல், வீட்டிலேயே தாள் விரித்து வழித்து, சுருளைக் கூட்டிக் குப்பையில் சேர்க்கிறார்கள். பந்தய அணிகளுக்கோ தலைவலி வேறு. ஃப்ளோரின் பட்ட தூரிகையும் இஸ்திரிப்பெட்டியும் அடுத்த பலகைக்கும் அதை ஒட்டவைத்துவிடும். பல ஆண்டுகளாகக் கைபழகிய கருவிகளைக் கழித்துக் கட்டிவிட்டு, புதுத் தூரிகை, புதுப் பெட்டியோடு அவர்கள் மெழுகு அறைக்குள் நுழைய வேண்டியிருந்தது.