இறுகிப்போன திருகாணி



ஆணிக்கும் திருகாணிக்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டுமே மரத்தோடு மரத்தைப் பிணைப்பவைதாம். ஆயினும், ஆணி அடிப்பவன் அதை மீண்டும் பிடுங்கும் எண்ணத்தோடு அடிப்பதில்லை. திருகாணியை முடுக்குபவனோ, என்றாவது ஒருநாள் இதைத் திறந்து பழுதுபார்க்க வேண்டிவரும் என்று எண்ணியே முடுக்குகிறான். நம் பெண்களின் தோட்டைப் பாருங்கள். அதற்குத் தட்டார் சுரையும் திருகும் வைப்பது, வேண்டியபோது கழற்றி மெருகிடலாம் என்பதற்காக. அவசரத்துக்கு அடைவு வைக்கலாம் என்பதற்காகவும் கூட. ஆகவே திருகாணி என்பது ஒரு வாக்குறுதி. 'என்னை நீ திறக்கலாம்' என்பதே அந்த வாக்குறுதி.

குறிஞ்சாக்கேணி, கிண்ணியா, கொட்டியாரக் குடா என்று உப்புநீர் சூழ்ந்த எங்கள் கரையில் அந்த வாக்குறுதி இலேசில் நிறைவேறுவதில்லை. காற்றோடு வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பு துருவாகிறது. துருவோ தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரத்துளைக்குள் வீங்கும் அந்தத் துரு, மரையை மரத்தோடு கவ்விப் பிடித்துவிடுகிறது. இப்படி இறுகிப்போன திருகாணி பெருந்தொல்லை தரும் ஒரு கருவியை முன்வைத்து இன்று பேசலாம். அதுதான் பியானோ.

1700ஆம் ஆண்டளவில், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், மெடிச்சி அரச குடும்பத்தின் கருவிகளைப் பராமரித்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் பியானோவை ஆக்கினார். கட்டையை விரலால் அழுத்தினால், உள்ளே ஒரு நெம்பு எழுந்து சிறு சுத்தியலைத் தள்ளும். சுத்தியல் தந்தியைத் தட்டிவிட்டு அந்தக் கணமே பின்வாங்கும். இந்தப் பொறியமைப்பைத் தொழிலாளர் 'அக்சன்' என்பர். 88 கட்டைகள் கொண்ட நிமிர்ந்த பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுத்தியல், ஒரு நெம்பு, பெரும்பாலானவற்றுக்கு ஒலியை அடக்கும் கம்பளித் தட்டு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு சிறு மூட்டினால், ஒற்றைத் திருகாணி கொண்டு, நீண்ட மரச்சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 240 திருகாணிகள். எந்தச் சுத்தியலைப் பழுதுபார்ப்பதானாலும் முதலில் இவற்றுள் ஒன்று கழல வேண்டும்.

இந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மரையைக் கையால் அரத்தில் அராவியே வெட்டினார்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லி, மரை வெட்டும் கடைசல் பொறியைச் செம்மைப்படுத்தினார். 1841இல் ஜோசப் விட்வேர்த், பொறிகளில் பயன்படும் மரைகளுக்குப் பொது அளவுகளை வகுத்தார். மரத்துக்கான திருகாணியோ அப்போதும் மொட்டை முனையோடுதான் இருந்தது. கூர்முனைத் திருகாணிக்கான அமெரிக்க உரிமத்தை வாங்கி, 1854இல் பர்மிங்காம் நகரையொட்டி நெற்றில்போல்ட் குடும்பத்தினர் பெருந்தொழிற்சாலை தொடங்கினர். பங்காளியான உறவினர் தம் மகனையும் அங்கு அனுப்பிவைத்தார். பதினெட்டு வயதான அந்த இளைஞரின் பெயர் ஜோசப் சேம்பர்லேன். இருபது ஆண்டுகள் திருகாணி வணிகம் செய்து பொருளீட்டிய அவர், பின்னர் அரசியலில் புகுந்து 1895 முதல் 1903 வரை பிரித்தானியாவின் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்தார். இலங்கையும் அவரது அமைச்சின் கீழிருந்த நாடுகளுள் ஒன்று. திருகாணி விற்றவரே தீவின் நிருவாகத்துக்கும் பொறுப்பானார் என்பது வரலாற்றின் விநோதம்.

ஆனால் திருகாணி ஆங்கிலேயரோடு இந்நாட்டுக்கு வந்ததென்று கொள்ளலாகாது. சிங்களத்தில் அதனை 'இஸ்குருப்பு' என்பர். அது 'ஸ்க்ரூஃப்' என்ற ஒல்லாந்தச் சொல்லின் வழி வந்தது. 1795இல் திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடம் இழந்த ஒல்லாந்தர், சொல்லை விட்டுச் சென்றுவிட்டனர்.

அந்நியர் ஆட்சியில் தேவாலயம், மிசன் பாடசாலை, துரைமார் பங்களா என்று பியானோவும் நம் நாடுகளில் குடியேறியது. சென்னையில் 1842இலேயே மிஸ்குயித் கம்பனி இசைக்கருவிக் கடை திறந்தது. பிற்காலத்தில் 'மியூசி மியூசிக்கல்' என்று பெயர் மாறியது அதுவே. ஐரோப்பாவில் குளிருக்கும் உலர்ந்த காற்றுக்கும் பழகிய கருவி இங்கு வந்ததும் நோயுற்றது. தோலிலிருந்து காய்ச்சிய பசை ஈரத்தில் இளகிற்று, இரும்பு துருவேறிற்று. ஆகவே வெப்பநாடுகளுக்கென்றே தனி வகைப் பியானோக்களைச் செய்யலாயினர். பசை பிடித்த இடங்களிலும் திருகாணியைக் கூடுதலாக முடுக்கினர். இரும்புக்குப் பதிலாகப் பித்தளையைப் பயன்படுத்தினர். பித்தளை துருப்பிடிக்காது என்பது மெய்தான். ஆனால் அது மென்மையான உலோகம். முரட்டுக் கைபட்டால் தலை முறிந்து, உடல் மரத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

நம் கரையோர மக்கள் இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்திருந்தனர். திருகோணமலைக் காட்டில் வெட்டிய ஒருவகை மரத்தை ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தனர். அது சென்னைக்கு ஏற்றுமதியாகி, அலை பொங்கும் அக்கரையின் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டது. அப்படகின் பலகைகளைக் கயிற்றினால் தைத்தார்களேயன்றி, இரும்பினால் பிணைக்கவில்லை. அலை மோதினால் படகு வளைந்து கொடுக்கும். கயிறு நைந்தால் அறுத்துவிட்டு மறுபடி தைக்கலாம். திறந்து பழுதுபார்க்கலாம் என்ற திருகாணியின் வாக்குறுதியைக் கயிறு எப்போதோ நிறைவேற்றிவிட்டது.

பியானோவைக் கயிற்றால் தைக்க இயலாது. எனவே இறுகிய திருகாணியைக் கழற்றும் வித்தையைக் கற்கத்தான் வேண்டும். முதலில் தலையின் கீறலிலுள்ள அழுக்கையும் துருவையும் ஊசியால் சுரண்டி எடுக்க வேண்டும். கீறலின் முழு நீளத்தையும் நிரப்பும் திருப்புளியே ஆகும். சிறியதை வைத்தால் கீறல் சிதையும். அதன்பின் பிடிக்க இடமில்லை. கழற்றுமுன் மிக இலேசாக இறுக்கும் பக்கம் திருப்பிப் பார்ப்பது பழைய ஓடாவிமார் அறிந்த உத்தி. துருவின் பிடி அதில் உடையும். அசையாவிட்டால், ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடேற்றி, திருகாணித் தலையில் மட்டும் சிறிது நேரம் வைக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்து மரத்தைச் சற்றே ஒதுக்கும், ஆறியதும் சுருங்கும். அந்த இடைவெளியில் அது கழலும். ஆற விடாமல் அவசரப்படுபவன் தலையை முறிப்பான்.

தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். படலைக் கொண்டிக்கு அது சரி. பியானோவிலோ எண்ணெய் மரத்தில் ஊறும், கம்பளியில் பரவும், மூட்டு ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் இனிப் பசையும் பிடியாது. ஒரு திருகாணிக்காகப் பக்கத்துச் சுத்தியல்களையும் கெடுத்த கதையாகும்.

முறிந்தே போனால்? திருகாணியைவிடச் சற்று அகன்ற உட்துளையுள்ள உருக்குக் குழாய்த் துண்டை எடுத்து, அதன் முனையில் அரத்தால் பல் வெட்டி, துறப்பணத்தில் பூட்டி இடப்புறமாகச் சுழற்ற வேண்டும். குழாய் முறிந்த துண்டைச் சுற்றி மரத்தை அறுத்துச் செல்லும். பலவேளை துண்டும் அதனோடு சுழன்று வெளியே வந்துவிடும். எஞ்சிய துளைக்கு வைரமான மரத்தில் முளை சீவி, பசையிட்டு இறக்கி, காய்ந்தபின் புதுத் துளை இடலாம். சட்டம் பிளக்காமல் இதைச் செய்வதே முக்கியம். சட்டம் பிளந்தால் சுத்தியல்களின் வரிசையே தடம் மாறும். இங்கு அதற்கு மாற்றுச் சட்டம் தேடிப் பிடிப்பது எளிதன்று.

கழற்றிய திருகாணிகளை ஒரு பெட்டியில் கொட்டலாகாது. அட்டையில் 88 துளையிட்டு, எண் எழுதி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வைக்க வேண்டும். பழைய திருகாணி தன் பழைய துளையில்தான் ஒழுங்காக அமரும். மீண்டும் முடுக்குமுன் மரையில் சிறிது தேன்மெழுகு தடவுவது நன்று. சிலர் சவர்க்காரம் தேய்ப்பர். அது ஈரத்தை இழுத்துத் துருவுக்கு வழி செய்யும்.

நேயர்களே, பழைய பியானோவைத் திறப்பவனுக்கு, முன்பு அதைத் திறந்தவர்களின் கைவண்ணமும் தெரியும். சிதைந்த கீறலும் பிளந்த சட்டமும் ஒருவனுடைய அவசரத்தைச் சொல்லும். மெழுகின் வழுவழுப்பு இன்னொருவனுடைய பொறுமையைச் சொல்லும். பெயர் தெரியாத அந்த இரண்டாமவன், தனக்குப்பின் வரும் ஒருவனை நினைத்து முடுக்கியிருக்கிறான். எங்கள் உப்புக் காற்றில் திருகாணியின் வாக்குறுதி பிழைத்திருப்பது அத்தகையவர்களால்தான்.