வேலியும் இறகும்: முற்றத்துக் கோழி சொல்லும் வரலாறு



நான்காம் ஆண்டு வகுப்பில் பறவைகள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. "டீச்சர், கோழிக்குத்தான் இறக்கை இருக்கிறதே, பிறகு ஏன் அது பறப்பதில்லை?" என்று ஒரு மாணவன் கேட்டான். கோழியைப் பேரங்காடியின் குளிர்பெட்டியில் மட்டுமே கண்ட பிள்ளைக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. "பறக்கும். பறந்ததால்தான் என் பாட்டி அதன் இறக்கையைக் கத்தரித்தார்" என்றேன். வகுப்பே வியந்தது. அன்று நேரமின்மையால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

காட்டிலிருந்து முற்றத்திற்கு

நம் வீட்டுக் கோழியின் முன்னோர் செங்காட்டுக்கோழி. மலாய்மொழியில் 'ஆயாம் ஹூத்தான்' என்பர். மலேசியாவின் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் அதனை இன்றும் காணலாம். பகலெல்லாம் நிலத்தைக் கிளறி இரை தேடும். பொழுது சாய்ந்தால் மரக்கிளைக்குப் பறந்தேறி உறங்கும்.

2020ஆம் ஆண்டில் 863 மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழி இனமே வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது எனக் கண்டது. 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, அங்கே கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில் கோழி வளர்க்கப்பட்டது என்றது. நெல்லும் தினையும் விளைந்த இடத்திற்கு அப்பறவை தானே இறங்கி வந்தது என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து. அதாவது, கோழியை மனிதனிடம் முதலில் இழுத்தது வேலியன்று, தானியம்.

நம் சங்க இலக்கியத்தில் கானக்கோழியும் உண்டு, மனைக்கோழியும் உண்டு. தமிழர் அவ்விரண்டையும் வேறுபடுத்தியே பெயரிட்டனர். ஆனால் உறவு முற்றும் அறுந்துவிடவில்லை. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் நிறக் கால், இந்தியத் தீபகற்பத்தில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபுக்கூறு என 2008ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

சட்டமும் கம்பிவலையும்

கி.மு. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய ரோமானிய அறிஞர் வாரோ, கோழியைக் கொழுக்க வைப்பதற்காக அடைக்கும்போது சிறகிலும் வாலிலும் உள்ள இறகுகளைப் பிடுங்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூலோ கோழிக்கென ஒரு விதியே வகுத்தது. காட்டு விலங்கு தப்பிச் சென்று கண்ணுக்கு எட்டாமல் போனால் உரிமை அற்றுப்போகும். ஆனால் உன் கோழியோ வாத்தோ மருண்டு பறந்து கண் பார்வையைக் கடந்தாலும் அது உன்னுடையதே. அதனைப் பிடித்து வைத்துக்கொள்பவன் திருடன் ஆவான்.

பிற்காலத்தில், 1844இல், இங்கிலாந்தின் நார்விச் நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் பார்னார்டு துணி நெய்யும் பொறியைப் பின்பற்றிக் கம்பிவலை பின்னும் பொறியை உருவாக்கினார். நாம் 'கோழிவலை' என்று வாங்கும் அறுகோண வலை அவ்வழியில் வந்ததே. ஆயினும் வலையின் உயரத்தைத் தாண்டிப் பறக்கும் கோழிக்குக் கத்தரிக்கோலே மருந்தாக நீடித்தது.

பாட்டியின் கத்தரிக்கோல்

என் பாட்டி பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டன. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு சென்றடையக் கூடாது என்பதற்காக, வேலைக்குப் புறப்படுவோர் வாயிலில் சோதனையிடப்பட்டனர். இருட்டியபின் வேலிக்கு வெளியே செல்ல ஊரடங்கு தடுத்தது.

கோழிக்கு ஊரடங்கு தெரியுமா? வாயில் மூடும் நேரமும் கோழி மரமேறும் நேரமும் ஒன்றாகவே இருந்தன என்று பாட்டி சொல்வார். வேலியைத் தாண்டிப் பால்மரக் கிளையில் போய் அமர்ந்த கோழியைத் தேடி எவரும் போக முடியாது. விடியும்போது அது இருந்தால் உண்டு. இல்லையேல் மூசாங் தின்றது என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். முட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்குச் சிலேட்டு வாங்கிய குடும்பத்திற்கு அது சிறிய இழப்பன்று.

ஆகவே பாட்டி இறகைக் கத்தரித்தார். ஒரு பக்கச் சிறகை மட்டுமே விரித்துப் பிடிப்பார். அதன் நுனியிலுள்ள, ஏறக்குறைய பத்து நீண்ட பறக்கும் இறகுகளைக் குறைப்பார். இரு பக்கமும் வெட்டினால் கோழி சமநிலையோடு ஓரளவு எழும்பிவிடும். ஒரு பக்கம் வெட்டினால் சாய்ந்து விழும். முற்றிய இறகின் தண்டில் குருதியோட்டம் இல்லை; நகம் வெட்டுவதைப் போன்றதே. புதிதாக முளைக்கும் இறகின் தண்டிலோ குருதி ஓடும்; அதனை வெட்டினால் இரத்தம் கொட்டும். "இறகைத்தான் வெட்டணும், முளைக்கிற இடத்துல கை வைக்கக்கூடாது" என்பது அவர் வாக்கு. ஆண்டுக்கொருமுறை இறகு உதிர்ந்து புதியது வளரும். கோழி மீண்டும் பறக்கும்.

1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அதன் பிறகும் பாட்டி சில கோழிகளுக்குக் கத்தரித்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் அன்று. மாலையில் தானியம் இட்டுக் கூப்பிட்டால் வந்தடையும் கோழிக்குக் கத்தரிக்கோல் தேவைப்படவில்லை என்பார்.

நாம் எண்ண வேண்டியது

வேலிக்குள் வாழ்ந்த ஒருவர், தம் கோழியையும் வேலிக்குள் வைக்க வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் மீண்டும் வளரக்கூடியதை மட்டுமே அவர் வெட்டினார். பிள்ளைகளை வளர்க்கும் நமக்கும் கட்டுப்பாடு தேவைதான். சில வேளைகளில் கண்டிப்பும் தேவைதான். ஆனால் நாம் வெட்டுவது இறகையா, அது முளைக்கும் இடத்தையா? "உனக்குக் கணக்கு வராது" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் நாம் சொல்லும் ஒரு சொல், அடுத்த ஆண்டு உதிர்ந்து புதிதாய் முளைக்கும் இறகு அன்று. இதனை நான் பிறருக்காக மட்டும் எழுதவில்லை. என் வகுப்பறையில் நானும் தவறியிருக்கிறேன்.

மறுநாள் அந்த மாணவன், "டீச்சர், பாட்டியின் கோழி திரும்பவும் பறந்ததா?" என்று கேட்டான். பறந்தது என்றேன். அவன் முகம் மலர்ந்தது.